வங்கியின் பெயரால் வரும் மின்னஞ்சல்கள்

இடப்பெயர்வுக் காலங்களில் எமது பெண்கள் எதைக் கைவிட்டாலும் கைவிடாமல் காவிச் சென்ற பை ஒன்று இருந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, அடகுச் சிட்டை, வங்கிப் புத்தகம் என்பன பொலித்தீனில் சுற்றப்பட்டு அதற்குள் இருக்கும். பங்கருக்குள் இறங்கும்போதும் பை கூடவே இறங்கும். 2009 ஆம் ஆண்டு அந்தப் பையையும் இழந்த குடும்பங்கள், பின்னர் தமது வங்கிக் கணக்கை உறுதிப்படுத்துவதற்கு எத்தனை அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கின என்பது இதனை வாசிக்கும் சகோதரிகள் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று அந்த வங்கிப் புத்தகத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கைத்தொலைபேசி செய்கின்றது. மீதியைப் பார்ப்பது, கனடாவிலிருந்து சகோதரன் அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று அறிவது, கடனின் மாதக் கட்டுப்பணத்தைச் செலுத்துவது என எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. பையைப் பறிக்க வருபவன் நேரில் வர வேண்டும். தொலைபேசிக்குள் இருப்பதைப் பறிப்பவனோ ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு காத்திருக்கின்றான். வங்கியின் பெயரில், வங்கியின் சின்னத்துடன் வரும் அந்தக் கடிதத்தை எவ்வாறு இனங்காண்பது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

எங்களுக்கு எங்கே ஈமெயில்?

கிராமங்களில் இவ்விடயத்தைப் பேச ஆரம்பித்தவுடன் முதலில் வரும் பதில் இதுதான். "பிள்ளை, நாங்கள் ஈமெயில் ஒண்டும் பாவிக்கிறேல்ல. அது கந்தோரில வேலை செய்யிற ஆக்களுக்குத்தானே" என்று வயதான அம்மா ஒருவர் என்னிடம் கூறினார். அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். மின்னஞ்சல் கணக்கு ஒன்று இருந்தது. அதற்குள் வாசிக்கப்படாத கடிதங்கள் நானூற்றுக்கு மேல் கிடந்தன.

இது எப்படி நடந்தது? அன்ட்ரொயிட் வகைத் தொலைபேசியை முதன்முதலில் இயக்கும்போது அது கூகுள் கணக்கொன்றைக் கேட்கும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் வட்ஸ்அப் போன்ற செயலிகளை வழமையான முறையில் இறக்க முடியாது. போன் விற்ற கடைத் தம்பி தானே ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகின்றார். 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் தொலைபேசி வழியாக நடந்த நாட்களில் பல வீடுகளுக்குள் மின்னஞ்சல் நுழைந்தது இவ்வாறுதான். வீட்டுக்காரிக்குத் தன்னுடைய கடவுச்சொல் தெரியாது, கடைத் தம்பிக்குத் தெரியும். இதுவே நல்ல நிலைமை அல்ல. இதனை வாசித்தவுடன் வீட்டிலுள்ள பிள்ளையைக் கொண்டு அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது.

சுயதொழில் செய்யும் சகோதரிகளின் நிலை வேறு. பனையோலைப் பொருட்கள், மிளகாய்த்தூள், தையல் என்று கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புபவர்கள் மின்னஞ்சலை உண்மையாகவே பாவிக்கின்றனர். அவர்களது முகவரி விளம்பரங்களிலும் கண்காட்சித் துண்டுப்பிரசுரங்களிலும் அச்சாகியிருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தூண்டிலும் வலையும்

ஆங்கிலத்தில் இவ்வகை ஏமாற்றுக்கு மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லையே எழுத்து மாற்றிப் 'பிஷிங்' என்று வழங்குகின்றனர். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். இணையச் சேவையைப் பாவித்தவர்களிடம் கடவுச்சொற்களைக் கறந்தவர்களின் வேலைக்கு ஏற்பட்ட பெயர் இது. தமிழில் இதனைத் தூண்டில் மின்னஞ்சல் என்கின்றார்கள். என்னைக் கேட்டால் வலை என்பதே பொருத்தம். தூண்டில் போடுபவர் ஒரு மீனுக்காகக் காத்திருப்பார். இவர்களோ ஒரே கடிதத்தை ஒரே நேரத்தில் பல்லாயிரம் முகவரிகளுக்கு வீசுகின்றார்கள். யாருக்கு எந்த வங்கியில் கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவேதான் உங்களுக்குக் கணக்கே இல்லாத வங்கியிலிருந்தும் "உங்கள் கணக்கு முடக்கப்படவுள்ளது" என்று கடிதம் வருகின்றது. அப்படி வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தற்செயலாக உங்கள் வங்கியின் பெயரிலேயே வந்துவிடும்போதுதான் நெஞ்சு திக்கென்கிறது.

படிக்காதவர்கள்தான் இதில் ஏமாறுகின்றனர் என்ற எண்ணம் தவறானது. வங்காளதேச மத்திய வங்கிக்கு நடந்ததைக் கேளுங்கள். 2015 இல் அவ்வங்கியின் ஊழியர்களுக்கு, வேலை தேடும் ஒருவர் தனது சுயவிபரக் கோவையை அனுப்புவது போல மின்னஞ்சல்கள் வந்தன. அதனூடாகக் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் ஒரு வருடமளவில் பொறுத்திருந்து, 2016 பெப்ரவரியில் அவ்வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டொலரை மாற்றும்படி 35 கட்டளைகளை அனுப்பினார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. ஆனால் கட்டளையில் 'பவுண்டேசன்' என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த வங்கியொன்று அதைக் கண்டு சந்தேகித்து விளக்கம் கேட்டதனால் அந்தத் தொகை தப்பியது. ஒரு நாட்டின் மத்திய வங்கியில் இருந்தவர்களே கடிதமொன்றைத் திறந்து இந்நிலைக்கு வந்தார்களென்றால், கிராமத்துப் பெண் ஏமாறும்போது அவளைப் பார்த்து "உனக்கு மூளை இல்லையா" என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

ஒரு கடிதத்தை வரிவரியாகப் பார்ப்போம்

எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றுக்கு, பனையோலைக் கூடை பின்னும் சகோதரி ஒருவர் தனது தொலைபேசியைக் கொண்டுவந்தார். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், மகள் உயர்தரம் படிக்கின்றாள். "மிஸ், பாங்கில இருந்து இங்கிலீசில கடிதம் வந்திருக்கு. ஏதோ இருபத்திநாலு மணித்தியாலம் எண்டு கிடக்கு. இரவு முழுக்க நித்திரை இல்லை" என்றார். அவரது அனுமதியுடன் அதனை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அடையாளம் தெரியாதிருப்பதற்காக இங்கு சில விபரங்களை மாற்றியுள்ளேன்.

மேலே வங்கியின் சின்னம் அச்சொட்டாக இருந்தது. சின்னம் எதையும் நிரூபிப்பதில்லை. வங்கியின் இணையத்தளத்திலிருந்து அதை யாரும் எடுத்து ஒட்டலாம்.

அடுத்து அனுப்பியவரின் பெயர். வங்கியின் 'வாடிக்கையாளர் பாதுகாப்புப் பிரிவு' என்று தடித்த எழுத்தில் இருந்தது. கடித உறையின் பின்புறத்தில் அனுப்புபவர் தான் விரும்பிய பெயரை எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படியே. பெயரின் மீது அல்லது அதன் அருகிலுள்ள சிறிய அம்புக்குறி மீது விரலை வைத்தால் உண்மையான முகவரி தெரியும். அந்தச் சகோதரிக்கு வந்த கடிதத்தின் முகவரி வங்கிக்குச் சற்றும் தொடர்பில்லாத, எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றாக இருந்தது. எனினும் முகவரி சரிபோலத் தெரிந்தால் மட்டும் நம்பிவிடலாகாது. முகவரியையும் போலியாகக் காட்டும் வழிகள் உண்டு.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று கடிதம் ஆரம்பித்தது. வங்கிக்கு உங்கள் பெயர் தெரியும். வலை வீசுபவனுக்குத் தெரியாது. ஆனாலும் இது நூற்றுக்கு நூறு பொருந்தும் அடையாளமல்ல. எங்கிருந்தாவது கசிந்த பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் பெயர் சொல்லியே அழைப்பார்கள்.

பின்னர் பயமுறுத்தல் வந்தது. உங்கள் கணக்கில் சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கல் நடந்துள்ளது, 24 மணித்தியாலத்துக்குள் விபரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்றிருந்தது. கடிதத்தின் உயிர் இந்த வரியில்தான் இருக்கின்றது. யோசிப்பதற்கோ இன்னொருவரிடம் கேட்பதற்கோ நேரம் கொடுக்கக்கூடாது என்பதே அவர்களுடைய நோக்கம். சில கடிதங்களில் பயத்துக்குப் பதிலாக ஆசை இருக்கும். வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, நட்டஈடு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பெற்றுக்கொள்ளக் கணக்கு விபரம் தேவை என்று எழுதுவார்கள். நட்டஈடு என்ற சொல் எமது பெண்களிடத்தில் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் கை தானாகவே நீளும்.

கீழே நீல நிறத்தில் "இங்கே அழுத்தவும்" என்றொரு பொத்தான் இருந்தது. அதனைச் சட்டென்று தட்டாமல், விரலை அதன்மேல் சிறிது நேரம் அழுத்தி வைத்திருந்தால் அது எங்கே கொண்டு போகப் போகிறது என்ற முகவரி திரையில் வரும். இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. அந்த முகவரிக்குள் வங்கியின் பெயரும் இருந்தது! கூட்டத்திலிருந்த பிள்ளையொருத்தி "பாங்கின்ர பேர் கிடக்குத்தானே மிஸ்" என்றாள். நான் அவளிடம், "கண்டி வீதி, யாழ்ப்பாணம் எண்டு விலாசம் எழுதினால் கடிதம் கண்டிக்கோ போகும்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். விலாசத்தில் கடைசியாக வரும் ஊரே முக்கியம். இணைய முகவரியும் அப்படித்தான். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதலாவது ஒற்றைச் சாய்கோடு வரை பாருங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு உடனே முன்னாலுள்ள கடைசி இரண்டு சொற்கள், சிலவேளை மூன்று சொற்கள், யாருடைய இடம் என்பதைக் கூறும். 'எங்கள்வங்கி டொட் எல்கே' என்று முடிந்தால் அது அந்த வங்கியின் இடம். 'எங்கள்வங்கி டொட் எல்கே டொட் சரிபார் டொட் கொம்' என்று முடிந்தால் அது 'சரிபார்' என்று பெயர் வைத்திருக்கும் யாரோ ஒருவரின் இடம். வங்கியின் பெயர் அங்கே கண்டி வீதி மாதிரி.

எழுத்துக்களிலும் சூழ்ச்சி உண்டு. ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தும் இலக்கம் ஒன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி எழுதினால் 'எம்' போலத் தெரியும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் சிறிய திரையில் பார்க்கும் எவருக்கும் இதனைப் பிடிப்பது கடினம். ஆகையால் கடிதத்திலுள்ள இணைப்பினூடாக வங்கிக்குப் போகாமல் இருப்பதே சுலபமான வழி. வங்கியின் செயலியை நேரடியாகத் திறவுங்கள், அல்லது கிளைக்குப் போங்கள். முகவரிக்கு அருகில் பூட்டு அடையாளம் தெரிந்தால் அது நம்பகமான தளம் என்று முன்னர் பல பயிற்சிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அது செல்லாது. பூட்டின் அர்த்தம், நீங்கள் அனுப்புவதை வழியில் வேறு எவரும் வாசிக்க முடியாது என்பது மாத்திரமே. கள்வனும் இலவசமாக ஒரு பூட்டைப் பெற்றுக்கொள்ளலாம்.

எழுத்துப்பிழைகளைத் தேடுங்கள் என்பதும் அவ்வாறே பழைய அறிவுரையாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் வந்த பின்னர் பிழையற்ற ஆங்கிலத்தில் மட்டுமல்ல, நல்ல தமிழிலும் இவ்வாறான கடிதங்களை எழுதுவிக்கலாம். பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கடிதம் எதைக் கேட்கின்றது என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல், ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கம், அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்கள், தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் குறியீடு ஆகிய நான்கையும் எந்த வங்கியும் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கேட்பதில்லை. முகாமையாளரே அழைத்தாலும் கேட்க மாட்டார். இவற்றில் ஒன்றைக் கேட்டால் அது வங்கியல்ல என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிடலாம்.

பணம் எவ்வாறு போகின்றது

அந்தச் சகோதரி தப்பிவிட்டார். ஆங்கிலம் தெரியாமையே அவரைக் காப்பாற்றியது என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் அவருக்குப் பக்கத்திலிருந்த இன்னொருவர் சிரிக்கவில்லை என்பதை அன்று கவனித்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்னர் அவர் கதைத்தார்.

மாட்டுக் கொட்டகை அமைப்பதற்குச் சங்கத்தினூடாகப் பெற்ற கடனும் சிறுகச் சேமித்ததுமாக ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா அவரது கணக்கில் இருந்திருக்கின்றது. இதே போன்றதொரு கடிதம். அழுத்தினார். வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டார். சில விநாடிகளில் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்தது. பக்கம் அதனையும் கேட்டது. போட்டார். "நன்றி, உங்கள் கணக்கு பாதுகாக்கப்பட்டுள்ளது" என்று வந்ததாம். நிம்மதியாகத் தேநீர் வைக்கப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். அவர் போலிப் பக்கத்தில் எழுதியவற்றை மறுபக்கத்தில் இருந்தவன் அதே நேரத்தில் உண்மையான வங்கித் தளத்தில் எழுதிக்கொண்டிருந்தான். வங்கி தனது வழமைப்படி கணக்குக்காரியின் தொலைபேசிக்குக் குறியீட்டை அனுப்பியது. அவள்தான் இந்தப் பணத்தை மாற்றுகின்றாளா என்று உறுதிப்படுத்தவே அந்தக் குறியீடு. அதனையும் அவரே போலிப் பக்கத்தில் கொடுத்தபோது வங்கியின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. 2015 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன், இரவு பகல், விடுமுறை நாள் என்று பாராமல் பணம் மாற்றும் வசதி உள்ளது. நல்ல வசதிதான். ஆனால் களவு போன பணமும் அதே வேகத்தில் போகின்றது.

போன பணம் களவெடுத்தவனின் சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. வேறு யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போய் அங்கிருந்து எடுக்கப்படுகின்றது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "உங்கட கணக்குக்குக் கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தாங்கோ, ஐயாயிரம் தாறம்" என்று கஷ்டப்பட்ட பெண்களைத் தேடி வருபவர்கள் இருக்கின்றார்கள். தெரிந்த பிள்ளை கேட்கிறானே என்று அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்துவிட்டால், நாளை பொலிஸார் வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர். கள்வனின் பெயர் எங்கும் இராது.

அந்தச் சகோதரி மூன்று மாதங்களாக இதை எவரிடமும் கூறவில்லை. வங்கியிடமும் கூறவில்லை. கணவரின் தமையன் அறிந்தால் "இதுக்குத்தான் பொம்பிளையிட்டக் காசு குடுக்கக்கூடாது எண்டுறது" என்று சொல்லுவார் என்ற பயம். கடனுக்கான மாதத் தொகையைத் தோட்டு ஒன்றை அடகு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலித்தது அந்த மூன்று மாத மௌனமே. அன்றே, அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்கு அறிவித்திருந்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி, எஞ்சியதையேனும் தடுக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். குறியீட்டை வாடிக்கையாளரே கொடுத்துவிட்ட நிலையில் வங்கிகள் இழப்பைப் பொறுப்பேற்பது அரிது. எனவே நேரம் ஒன்றே கையிலுள்ளது.

கேட்டவுடன் கொடுக்கும் பழக்கம்

சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்குள் எழும் கேள்வி ஒன்று உண்டு. அந்நியர் ஒருவர் கேட்டவுடன் எமது பெண்கள் ஏன் எல்லா விபரங்களையும் கொடுக்கின்றார்கள்? அறியாமை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. முகாமில் பதிவு, நிவாரண அட்டைக்குப் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டப் பதிவு, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுவதற்கான பதிவு என்று எத்தனை படிவங்களை அவர்கள் நிரப்பியிருக்கின்றார்கள். அடையாள அட்டை இலக்கம், கணக்கிலக்கம், கணவரின் பெயர், பிள்ளைகளின் வயது. கேட்பவரிடம் "ஏன்" என்று திருப்பிக் கேட்டால் பெயர் பட்டியலிலிருந்து வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம். பல வருடங்கள் அப்படி வாழ்ந்த ஒருவரிடம் திரையில் ஒரு படிவம் வந்து நின்றால் அவர் நிரப்புவார். இதில் எங்களைப் போன்ற நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் பங்குண்டு. படிவத்துடன் போகும் ஒவ்வொருவரும் அந்த விபரம் எதற்கு, எங்கே வைக்கப்படும் என்று சொல்லிவிட்டே கேட்க வேண்டும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இயற்றப்பட்டதன் அடிப்படை எண்ணமும் அதுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏ.ரி.எம். அட்டையை அயல் வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, இரகசிய இலக்கத்தையும் துண்டில் எழுதிக் கொடுத்துக் காசு எடுப்பிப்பது. பஸ் வசதி இல்லாத ஊரில், நடக்க முடியாத அம்மாவுக்கு வேறு வழி என்ன என்று கேட்டால் என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் ஒன்றைச் செய்யலாம். பெரிய தொகை இருக்கும் சேமிப்புக் கணக்குக்கு அட்டையோ இணைய வசதியோ எடுக்காமல் புத்தகத்தோடு மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடச் செலவுக்குச் சிறிய தொகையுள்ள வேறு கணக்கைப் பாவிக்கலாம். புத்தகக் கணக்கைப் பழைய காலத்து விடயம் என்று யாராவது கேலி செய்தால் செய்யட்டும்.

மின்னஞ்சல் மட்டுமல்ல

குறுந்தகவலிலும் வட்ஸ்அப்பிலும் இதே வலைதான். "உங்கள் பொதி தபாலகத்தில் உள்ளது, விலாசம் பூரணமில்லை, சிறு கட்டணம் செலுத்தவும்" என்ற குறுந்தகவல்கள் அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவின. அவை தாம் அனுப்புபவை அல்லவென்று தபால் திணைக்களம் எச்சரிக்க வேண்டியிருந்தது. கேட்பது சிறு தொகை. ஆனால் அதைச் செலுத்துவதற்காகக் கொடுக்கும் அட்டை இலக்கமே அவர்களுக்குத் தேவை. வெளிநாட்டிலிருந்து சகோதரர்கள் பொதி அனுப்பும் வீடுகளில் இது எளிதாகப் பலிக்கும்.

வங்கியின் புதிய செயலி என்று கூறி இணைப்பொன்றின் மூலம் எதையாவது தொலைபேசியில் இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். சில செயலிகள் உள்ளே வந்துவிட்டால் உங்களுக்கு வரும் குறுந்தகவல்களை அவையே வாசித்து வெளியே அனுப்பும். அப்போது குறியீட்டை நீங்கள் கொடுக்கவே தேவையில்லை.

சுவிஸிலிருந்து அண்ணா வட்ஸ்அப்பில் "அவசரம், இந்தக் கணக்குக்குக் காசு போடு" என்று எழுதினால், அந்தச் செய்திக்குப் பதில் எழுதாமல் பழைய இலக்கத்துக்கு அழைத்து அவரது குரலைக் கேளுங்கள். ஒரு குடும்பத்தில், பணம் பற்றிப் பேசுவதற்கு முன்னர் ஊரில் அவர்களுடைய கிணற்றடியில் நின்ற மரம் எது என்று கேட்பதாக ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். குரலையும் போலியாகச் செய்யும் காலம் வந்துவிட்டபடியால் அது நல்ல யோசனையாகவே எனக்குப் படுகின்றது.

நடந்துவிட்டால்

கடிதத்தைத் திறந்தீர்கள், இணைப்பையும் அழுத்திவிட்டீர்கள், ஆனால் எதையும் எழுதவுமில்லை, எதையும் இறக்கவுமில்லை என்றால் பெரும்பாலும் பணத்துக்கு ஆபத்தில்லை. பக்கத்தை மூடிவிடுங்கள்.

விபரங்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதல் வேலை வங்கிக்கு அழைப்பது. கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு அல்ல, அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு. அட்டையையும் இணைய வசதியையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். யாருடன், எத்தனை மணிக்குக் கதைத்தீர்கள் என்று கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் கிளைக்குச் சென்று எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது பாவித்திருந்தால் அங்கும் மாற்ற வேண்டும். வெட்கத்தினால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அது சாட்சி.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இவ்வாறான செயல்களுக்கு உரியது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. தமிழும் அரசகரும மொழி. எழுதப்பட்டதை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். பொலிஸ் நிலையத்தின் வாசலை மிதிக்கவே பயப்படும் சகோதரிகள் எம்மிடையே இருப்பதை அறிவேன். அதற்கான காரணங்களையும் அறிவேன். தனியே போகாமல் சங்கத் தலைவியையோ, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ கூட்டிச் செல்லலாம்.

இணையப் பாதுகாப்புக்கென 2006 இல் அமைக்கப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டுக்கு ஒழுங்காகப் பதில் தரவில்லையென்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகும் வழியும் உண்டு. எங்கு போனாலும் வங்கியிடம் கொடுத்த எழுத்து முறைப்பாட்டின் பிரதியைக் கேட்பார்கள். அதனால்தான் கையொப்பம் வாங்கச் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தின் பின்னர் எமது சங்கத்தில் ஒரு வழக்கம் வந்திருக்கின்றது. மாதக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும், வந்த சந்தேகமான செய்திகளை ஆளாளுக்கு எடுத்துக் காட்டுகின்றார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவர் அதனை வாசித்து விளக்குகின்றார்கள். பணத்தை இழந்த சகோதரி இரண்டாவது கூட்டத்தில் தனது கதையை எல்லோர் முன்னிலையிலும் தானே சொன்னார். யாரும் அவரை ஏசவில்லை. கடனைச் சிறு தொகையாக நீண்ட காலத்தில் கட்டுவதற்குச் சங்கம் இணங்கியுள்ளது. போன பணம் இன்னும் வரவில்லை, வங்கியின் விசாரணை நடந்துகொண்டிருக்கின்றது. வங்கிக்கும் பொலிஸுக்கும் அவர் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் சங்கத்தின் கோவையில் உள்ளன. அடகு வைத்த தோட்டை மட்டும் சென்ற மாதம் மீட்டுவிட்டார்.